மூசி நதிக்கரை நகரின் பழைய படத்தை இன்றைய நிலத்தில் பொருத்துதல்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதியில் எழுந்த பெருவெள்ளம் ஹைதராபாத் நகரைப் பாழ்படுத்தியது. மாண்டவர் தொகை சுமார் 15,000 என மதிப்பிடப்படுகிறது. வெள்ளத் தடுப்புக்கு வழிகாண 1909-இல் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார்; அவருடைய யோசனைகளின் பயனாக 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிக்கப்பெற்றன. அணைகளை அனைவரும் அறிவர். அதே காலத்தில், 1910-களின் முற்பகுதியில், லெனார்ட் மன் என்பவரின் மேற்பார்வையில் நகரம் முழுவதும் அளந்து வரையப்பட்டதைச் சிலரே அறிவர். தெருக்களும் கட்டடங்களும் நுணுக்கமாகக் காட்டப்பட்ட அப்படங்கள் இன்று சரித்திர ஆய்வாளர்க்கு அரிய செல்வமாகும்.

எனினும், தாளில் உள்ள படத்தை இன்றைய நிலத்தோடு ஒப்பிட வேண்டுமாயின், அதன் ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எவ்விடத்தைக் குறிக்கிறது என்பதைக் கணிப்பொறிக்கு அறிவித்தல் வேண்டும். இதுவே புவியிடப் பொருத்தம் எனப்படும். இதற்கென விலையின்றிக் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருளே தொடக்கநிலையில் போதுமானது. பழைய படத்திலும் இன்றைய நிலத்திலும் மாறாது நிற்கும் இடங்களைத் தேர்ந்து, அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறிப்பதே முதல் வேலை.

எவற்றைத் தேர்வது? 1591-இல் எழுப்பப்பட்ட சார்மினாரின் அடித்தள மூலைகள் மிகப் பொருத்தமானவை. மினார்களின் உச்சியைக் கொள்ளலாகாது. உயர்ந்த கட்டடங்கள் செயற்கைக்கோள் படத்தில் சாய்ந்து தோன்றக்கூடும். 1578-இல் கட்டப்பெற்ற புராணா புல் பாலத்தையும் கொள்ளலாம். ஆயின் அது 1908-இல் சேதமுற்றுப் பழுது பார்க்கப்பட்டது என்பதை மறத்தல் கூடாது. ஆற்றங்கரையோ அறவே ஆகாது. வெள்ளத்துக்குப் பின்னர்க் கரைகள் திருத்தி அமைக்கப்பட்டன.

எளிய நேர்கோட்டு மாற்றத்துக்கு மூன்று புள்ளிகள் போதும் என நூல்கள் கூறும். புதியவர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மூன்றே புள்ளிகள் தரப்பெற்றால் அவை எவ்வளவு தவறாயிருப்பினும் கணிப்பொறி பிழை சுழி என்றே காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க நான்காவது சான்று அதனிடம் இல்லை. ஆதலின் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைத் தாள் முழுவதும் பரவலாகக் கொண்டு, வேறு இரண்டு மூன்றைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்கிவைத்தல் நலம். எல்லாப் புள்ளிகளும் சார்மினாரைச் சுற்றியே அமைந்தால் தாளின் ஓரங்கள் விலகிப்போகும். தாளும் ஈரத்தாலும் மடிப்பாலும் ஒரே சீராகச் சுருங்குவதில்லை.

படத்தின் அளவும் கருதற்பாலது. அங்குலத்துக்கு 50 அடி என வரையப்பட்ட தாளில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் 30 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு ஒரு மைல் என வரையப்பட்ட தாளில் அதே கோடு ஏறத்தாழ 32 மீட்டர். பின்னதைக் கணிப்பொறியில் எத்துணை பெரிதாக்கினும் நுட்பம் கூடிவிடாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2020 அக்டோபர் மாதப் பெருமழையில் ஹைதராபாதின் ஏரிகள் சில உடைந்து குடியிருப்புகள் நீரில் மூழ்கின. அதுமுதல், பழைய குட்டைகளும் கால்வாய்களும் எங்கிருந்தன என்ற கேள்வி மேலும் வலுப்பெற்றுள்ளது. அதற்கு விடையளிப்பவை பழைய படங்களே. ஆயினும் 32 மீட்டர் ஐயத்துக்குரிய கோட்டைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வீடு ஏரிக்குள் உள்ளதென்று தீர்ப்புக் கூறுதல் முறையாகாது. மேலும், படத்திலுள்ள நீலப்பரப்பு ஏரியின் பூரண நீர்மட்டத்தைக் காட்டுகிறதா, அளவையாளர் கோடையில் கண்ட நீரை மட்டுமே காட்டுகிறதா என்பதையும் படக்குறிப்புகளிலிருந்து அறிதல் வேண்டும்.

ஆசிரியர்கள் தத்தம் ஊரின் பழைய கிராமப் படம் ஒன்றைக் கொண்டே மாணவரைப் பழக்கலாம். கோயில் மதிற்சுவரின் மூலை, பழங்கிணறு, எல்லைக்கல் ஆகியவற்றை மாணவர் நேரில் சென்று கண்டு, கைபேசியால் இடமறிந்து குறித்துவரட்டும். கைபேசி காட்டும் இடமும் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். ஆகவே ஒரே புள்ளியை வெவ்வேறு வேளைகளில் பலமுறை குறித்துச் சராசரி காண்பது வழக்கம். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர்ந்த விலகலை முடிவுற்ற படத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.