மாடல் எண் இல்லாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கலந்தாய்வு முடிந்து, கல்லூரி திறப்பதற்குள் பல வீடுகளில் ஒரு கேமிங் லேப்டாப் வந்து இறங்கிவிடுகிறது. நகைக்கடன், சீட்டுப் பணம், அப்பாவின் கிரெடிட் கார்டில் மாதத் தவணை என்று எங்கிருந்தோ லட்ச ரூபாய் புரட்டப்படுகிறது. சில மாதங்களில் அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, என்ன செய்வது என்று கேட்டு வருகிறார்கள். அவர்கள் நீட்டும் காகிதங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பில்லில் 'கேமிங் லேப்டாப் - 1' என்று மட்டும் இருக்கிறது. சிலரிடம் பில்லே இல்லை, கடைக்காரர் கிறுக்கிக் கொடுத்த எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது. இன்னும் சிலர் ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று சித்தப்பாவின் கம்பெனி பெயரில் பில் போட்டிருக்கிறார்கள். எந்த கேம் எத்தனை ஃபிரேமில் ஓடும் என்று மாதக்கணக்கில் யூடியூப் பார்த்த பிள்ளை, பில்லை ஒரு நிமிடம்கூடப் படிக்கவில்லை.

லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரிலும் அட்டைப் பெட்டியிலும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான மாடல் எண் ஒன்று இருக்கும். நல்ல லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பதும், ஏமாந்தால் பணத்தை மீட்பதும் அந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. விளம்பரத்தில் வருவது தொடரின் பெயர் மட்டுமே. அதே பெயரில், அதே வண்ணத்தில், உள்ளே வேறு வேறு சரக்கோடு பல மாடல்கள் விற்கப்படுகின்றன.

கிராபிக்ஸ் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள என்விடியா தயாரிப்பாளர்களை அனுமதிக்கிறது. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைக்கப்பட்ட 4060, முழு வாட் கிடைக்கும் 4050-இடமே தோற்கலாம். முன்பு குறைந்த மின்சாரத்தில் ஓடும் கார்டுகளுக்கு மேக்ஸ்-க்யூ என்று தனிப்பெயர் இருந்தது. அப்படிப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் 2021-இல் கைவிடப்பட்டது. வாட் அளவைத் தங்கள் இணையப் பக்கத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் என்விடியா சொன்னது. பக்கத்தில் இருக்கிறது, கடையில் தொங்கும் விலைச்சீட்டில் இல்லை. விற்பனையாளரிடம் 'டிஜிபி எத்தனை வாட்' என்று கேளுங்கள்; கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரத்தின் அளவுதான் டிஜிபி. தெரியாது என்றால், மாடல் எண்ணை வாங்கி நிறுவனத்தின் பக்கத்தில் நீங்களே பாருங்கள். பார்த்ததை பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நாளை மாற்றப்படலாம்.

மேசைக் கணினிக் கார்டின் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப் வாங்குகிறவர்களும் உண்டு. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 12 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். லேப்டாப் 4070-இல் 8 ஜிபி. பெயர் ஒன்று, சிப் வேறு. புதிதாக வாங்குகிறவர் 4 ஜிபி நினைவகம் கொண்ட கார்டின் பக்கம் போகவே வேண்டாம். ஐ7 ஸ்டிக்கரைக் காட்டி விலை ஏற்றி, பலவீனமான கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிவிடுவது இன்னொரு பழக்கம். கேமுக்கு முதலில் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டு, அதற்கு அடுத்துதான் பிராசசர்.

திரையில் 144 ஹெர்ட்ஸ் என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்குகிறார்கள். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் அது வண்ணம் வெளிறிய திரை. எடிட்டிங், டிசைன் படிக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று இருக்க வேண்டும். ரேம் ஒரே குச்சியாக 8 ஜிபி என்றால் கார்டின் வேகமும் அடிபடும். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருக்கிறதா, பின்னால் கூட்ட முடியுமா, இல்லை போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பெரிய கேமே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். 512 ஜிபி எஸ்எஸ்டி சீக்கிரம் நிரம்பிவிடும். இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் இருப்பது நல்லது.

எது குறை, எது குறை இல்லை என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜரைப் பிடுங்கினால் கேம் திணறும். எல்லா கேமிங் லேப்டாப்பும் அப்படித்தான், அதை வைத்து வழக்குப் போட முடியாது. கேம் ஓடும்போது பிராசசர் 90 டிகிரியைத் தொடுவதும் தன்னளவில் குறையாகாது; பல இன்டெல் சிப்களின் வரம்பு 100 டிகிரி. ஆனால் விளையாடும்போது தானாக அணைவது, திரையில் கோடு விழுவது, கீல் பிளப்பது, அடாப்டர் போட்டிருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே போவது ஆகியவற்றைக் குறையாகப் பதிவு செய்யுங்கள். மெத்தைமேல் வைத்து விளையாடிக் காற்றுத் துளையை அடைத்துவிட்டு சூடாகிறது என்று வருவோரும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி பில். விற்பவரின் பெயர், ஜிஎஸ்டி எண், முழு மாடல் எண், சீரியல் எண், உங்கள் பெயர், தேதி ஆகிய அத்தனையும் இருக்க வேண்டும். அடாப்டர் எத்தனை வாட், திரை என்ன, கார்டு எத்தனை வாட் என்று கடைக்காரர் வாயால் சொன்னதை பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். வாட்ஸப்பில் ஒரு வரி வாங்கினாலும் போதும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கம்பெனி பெயரில் பில் போடாதீர்கள்: வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. வாழ்வாதாரத்துக்கான சுயதொழிலுக்கு மட்டுமே விலக்கு. வரியில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், வழக்கு முதல் நாளே ஆட்சேபணையில் சிக்கும். திரும்பவும் சொல்கிறேன், பயன்படுத்தப் போகிறவர் பெயரிலோ பணம் கட்டும் பெற்றோர் பெயரிலோ பில் போடுங்கள், சித்தப்பாவின் கம்பெனி வேண்டாம்.

சீல் உடைக்கும்போது வீடியோ எடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அதைவிட எளிதான சாட்சியம் இல்லை. பெட்டியின் சீரியல் எண், லேப்டாப்பின் சீரியல் எண், பில்லின் எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கியதென்றால், டெலிவரி ஆள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பார்க்கும் வசதி இருந்தால், பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அவருக்கு அவசரம் என்றால் காத்திருக்கட்டும். அடுத்து நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டித் தேதியைப் பாருங்கள். அது பில் தேதிக்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தால் அன்றே பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். இந்தியாவில் வாரண்டியே இல்லை என்று காட்டினால், வெளிநாட்டுச் சரக்கைத் தலையில் கட்டியிருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். புதிய லேப்டாப்பில் அது நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்களுக்கு விற்றது பழைய சரக்கு என்று சந்தேகிக்க வேண்டும். லேப்டாப்பிலும் அடாப்டரிலும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். இத்தனையும் முதல் நாளே செய்யுங்கள், வார இறுதிக்குத் தள்ளாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான்.

கோளாறு வந்துவிட்டால் போனில் பேசிப் பேசி நாளைக் கடத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 'இரண்டு நாளில் கூப்பிடுகிறோம் சார்' என்ற வார்த்தைக்கு எந்த ஆதாரமும் இல்லை. செயலியிலோ மின்னஞ்சலிலோ புகாரைப் பதிந்து டிக்கெட் எண் வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்குமுன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஃபைல்களை காப்பி எடுத்து வையுங்கள். ஜாப் ஷீட்டில் கோளாறு உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும். 'செக்கிங்' என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். 'சிஐடி' என்று எழுதியிருந்தால் உங்களால் வந்த சேதம் என்று அர்த்தம், வாரண்டி அங்கேயே போய்விடும். அதை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதே தாளில் 'ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். திரும்ப வாங்கும்போது என்ன மாற்றினார்கள் என்ற ரிப்போர்ட் இல்லாமல் வெளியே வராதீர்கள். அடுத்தடுத்து அதே கோளாறுக்காகப் போட்ட ஜாப் ஷீட்டுகள்தான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து அடங்கிப் போகாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். ஆன்லைன் தளங்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் உண்டு. அவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். கஸ்டமர் கேரை விட்டுவிட்டு அவருக்கே எழுதுங்கள்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல புகார்கள் இங்கேயே தீர்கின்றன. ஆனால் அது நிறுவனத்தைப் பேச வைக்கும் இடம், ஆணை போடும் இடமல்ல. அங்கே 'க்ளோஸ்டு' என்று வந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதும் வீண். போலி இணையதளத்தில் பணம் போனால் மட்டும் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஆணை போடும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நிறுவனம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஓர் அறிவிப்பை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். புகாரில் கடை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், ஆன்லைன் தளம், சர்வீஸ் சென்டர் எல்லோரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழி போட்டுத் தப்பிப்பார். தேதி வரிசைப்படி நடந்ததைச் சுருக்கமாக எழுதி, பிரமாண வாக்குமூலத்தோடு பில், வாரண்டி, விளம்பரப் பக்கம், ஜாப் ஷீட்டுகள், மின்னஞ்சல்கள், 1915 பதிவு எண் ஆகியவற்றை எண்ணிட்டு இணையுங்கள். ஆணையத்துக்கும் ஒவ்வொரு எதிர்தரப்புக்கும் தனித்தனிப் பிரதி தேவை. கேட்கும் நிவாரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்: புதிய லேப்டாப் அல்லது பணம் திரும்ப, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. குறை இருக்கிறதா என்பதில் தகராறு வந்தால் ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தேவைப்பட்டால் அதையும் கேளுங்கள். பழுதான லேப்டாப்பை அதுவரை தெருக்கடையில் திறந்து பார்க்கக் கொடுக்காதீர்கள்.

சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு. காலியிடங்களை நிரப்பாமல் அரசு இழுத்தடிப்பதால் வழக்குகள் தேங்குகின்றன. ஒரு லேப்டாப்பின் ஆயுளே நான்கைந்து ஆண்டு. அதில் பாதி வாய்தாவில் போவதை எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அதற்காகப் புகார் தராமல் இருந்துவிடாதீர்கள். வழக்கு எண் விழுந்து நோட்டீஸ் போனதும் சமரசத்துக்கு வரும் நிறுவனங்கள் உண்டு. ஆணையமே மத்தியஸ்தத்துக்கும் அனுப்பலாம்.

இரண்டு ஆண்டு என்ற கெடுவை மறக்காதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், கடைசியாகக் கஸ்டமர் கேரிடம் பேசிய நாளிலிருந்து அல்ல. இடையில் எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் கெடு தானாக நீளாது. தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்பு மனு போட வேண்டியிருக்கும், அதை ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம்.

உங்கள் பக்கம் ஆணை வந்தால் சான்றிட்ட நகலை வாங்கி எல்லா எதிர்தரப்புக்கும் அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கு அவர்களுக்கு 45 நாள் உண்டு, அதற்கும் விதித்த தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது சட்டத்தின் 72-ஆவது பிரிவு. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.