காணாமற்போன வண்டி

மோட்டார் வண்டியில் சாரதி எந்தப் பக்கம் உட்காருவான் என்று கேட்டால், நம் நாட்டில் வலப்பக்கம், அமெரிக்காவில் இடப்பக்கம் என்று பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். நடுவில் உட்காருவான் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் அப்படிப்பட்ட வண்டி ஒன்று இருந்ததற்குப் புகைப்படச் சாட்சி இருக்கிறது. 1947-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியார் செய்து பார்த்த முதல் சோதனை வண்டி அது. டிராக்டரில் இருப்பது போல் ஸ்டீயரிங் சக்கரம் நட்ட நடுவே நிற்கிறது. பிற்காலத்தில் லாண்ட் ரோவர் என்ற பெயரில் காடும் மலையும் பாலைவனமும் ஏறி இறங்கிய வண்டிகளுக்கெல்லாம் மூத்தது இதுதான்.

இன்றைக்கு அந்த வண்டி இல்லை. அதன் ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவை ஒரு சில கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டுமே.

கதை சுவாரஸ்யமானது. ரோவர் கம்பெனியின் பிரதம எஞ்சினீயர் மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸை அடுத்த ஆங்கிள்ஸீ தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலை செய்ய அவர் வைத்திருந்தது யுத்தத்தில் மிஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப். அது தேய்ந்து போனால் அப்புறம் எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. அவருடைய சகோதரர் ஸ்பென்ஸர் வில்க்ஸ்தான் கம்பெனியின் நிர்வாகி. கடற்கரை மணலில் கோடு கிழித்து, புது வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினாராம் மாரிஸ். ஜீப்பின் சட்டத்தின்மேல் ரோவர் எஞ்சினை ஏற்றிச் சோதனை வண்டி தயாராயிற்று. ஸ்டீயரிங்கை நடுவில் வைத்தால், இடப்பக்கம் ஓட்டும் தேசத்துக்கும் வலப்பக்கம் ஓட்டும் தேசத்துக்கும் ஒரே வண்டியை விற்கலாம் அல்லவா? யோசனை நல்லதுதான், பழக்கத்தில் சரிப்படவில்லை. 1948 ஏப்ரல் 30-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் உலகத்துக்கு முகம் காட்டியபோது, ஸ்டீயரிங் வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது.

படங்கள் இல்லாவிட்டால் இந்த நடு ஸ்டீயரிங் கதையை யாரோ கட்டிவிட்டது என்றே இன்று சொல்லியிருப்பார்கள்.

பழைய வண்டிகள் உலகெங்கும் எத்தனையோ பத்திரமாக இருக்கும்போது படத்தை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிற வண்டியின் பேச்சை முழுக்க நம்ப முடியாது என்பதுதான் தொல்லை. எழுபது வருஷங்களில் எஞ்சின் மாறியிருக்கும், கதவு மாறியிருக்கும், வர்ணம் பத்துத் தடவை ஏறியிருக்கும். இதைவிட மோசமான காரியம் ஒன்றுண்டு. பட்டாளத்து ஜீப்புக்கு மதிப்பு அதிகம் என்று, வயலில் உழைத்த சாதாரண ஜீப்புக்கு ராணுவப் பச்சை பூசி நட்சத்திரம் வரைந்து யுத்த வீரனாக்கிவிடுகிறார்கள்! அது ஏர் பூட்டியதும், பாலும் காய்கறியும் சுமந்ததும் அத்தோடு அழிந்து போகின்றன. யுத்தத்தின் சரித்திரத்தை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பண்ணையின் சரித்திரத்துக்கு ஆள் குறைவு. அன்றைக்குப் பிடித்த படத்தில்தான் அந்த வண்டி தன் சொந்த வேஷத்தில் நிற்கிறது.

அந்தப் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். முதலில் முகத்தைப் பாருங்கள். யுத்தகால ஜீப்பின் முன் தகட்டில் ஒன்பது பிளவுகள் இருக்கும். (மிக ஆரம்பத்தில் வந்தவற்றில் தகட்டுக்குப் பதில் பட்டைக் கம்பிகள்.) விளக்குகள் சிறியவை, உள்ளே ஒடுங்கியிருப்பவை, கீல் வைத்துப் பின்பக்கம் திருப்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். 1945-ல் வில்லிஸ் கம்பெனியார் குடியானவர்களுக்கென்று வெளியிட்ட ஸி.ஜே.-2ஏ என்னும் ஜீப்புக்கு ஏழே பிளவுகள். விளக்குகள் பெரியவை, முன்னுக்குத் துருத்தியவை. ஸ்டெப்னி சக்கரம் யுத்த ஜீப்பில் முதுகில் தொங்கும்; இதில் வலப்பக்க விலாவுக்கு வந்துவிட்டது, பின்னால் திறக்கும் கதவு வைத்ததால். பெட்ரோல் ஊற்றும் வாய் இடப்பக்கம் வெளியே தெரியும். 1949 வரை இந்த ரகம் 2 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது.

இந்த ரகத்துக்குள்ளேயே முந்தியது எது, பிந்தியது எது என்றும் சொல்லலாம். ராணுவ ஜீப்பின் இடப்பக்கத்தில் கோடாரியும் மண்வெட்டியும் மாட்டுவதற்குப் பள்ளங்கள் உண்டு. ஆரம்பத்தில் வந்த குடியானவர் ஜீப்புகளிலும் அந்தப் பள்ளங்கள் அப்படியே இருந்தன, பிறகு மறைந்துவிட்டன. யுத்தம் முடிந்த பிறகும் அதன் தழும்பு கொஞ்ச நாள் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் ஸி.ஜே.-2ஏ, ஒரே துண்டாக இருந்தால் அடுத்து வந்த ஸி.ஜே.-3ஏ. பானெட் உயர்ந்து நெற்றி மேடிட்டிருந்தால் 1953-ல் வந்த ஸி.ஜே.-3பி. மஹிந்திரா கம்பெனியார் நம் நாட்டில் வெகுகாலம் செய்தது இந்த ரகந்தான். ஆகவே ஜீப் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவது அந்த மேட்டு நெற்றியே.

லாண்ட் ரோவரின் ஜாதகம் அதன் கண்களில் இருக்கிறது. முதல் வண்டிகளில் விளக்குகள் கம்பி வலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். 1951 மாடலில் வலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன. 1960-களின் கடைசியில் நடுவிலிருந்து விலகி இரு புறத்து மட்கார்டுகளுக்குப் போய்விட்டன. விலாப்பக்கம் தட்டையாக இல்லாமல் சற்றே பிதுங்கியிருந்தால் 1958-க்கு முன் எடுத்த படமாக இருக்க முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, படமும் பொய் சொல்லும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது துரோகம். அச்சகத்தில் நெகடிவைத் திருப்பிப் போட்டுவிட்டால் இடம் வலமாகிவிடும். ஜீப்பின் ஸ்டெப்னி இடப்பக்கத்திலும் ஸ்டீயரிங் வலப்பக்கத்திலும் இருக்கக் கண்டு, "ஆஹா, ஓர் அபூர்வ ரகம்!" என்று குதித்துவிடக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவர் சட்டையில் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். வர்ண விஷயத்தில் கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பவே கூடாது. பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் ஒரே சாம்பலாக நிற்கும். கம்பெனி விளம்பரப் படங்கள் இன்னொரு ரகம். ஜீப் டிராக்டராகவும் லாரியாகவும் யந்திரங்களைச் சுழற்றும் சக்தியாகவும் உதவும் என்று வில்லிஸ் கம்பெனியார் பறை சாற்றினார்கள். வயலில் உழுகிறவருடைய செருப்பில் மண்ணே இல்லையென்றால், உழவு படம் பிடிக்கும் வரையில்தான் நடந்தது என்று அறிக.

நம்பர் பலகையிலும் எச்சரிக்கை வேண்டும். சரித்திரம் போதிக்கிற நாம், தானம் கொடுத்து வெகுகாலம் சென்று வெட்டிய செப்பேடுகளைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. வண்டியின் நம்பரும் அப்படித்தான்: பதிவு செய்த நாளைச் சொல்லுமே தவிரப் பிறந்த நாளைச் சொல்லாது. ஆம்ஸ்டர்டாமில் காட்டிய வண்டிகளில் ஒன்று 1948-ல் செய்தது. அதற்கு நம்பர் கிடைத்தது 1955-ல்தான். அந்த வண்டி பல வருஷம் எங்கே போயிற்றென்று தெரியாமலிருந்து, வேல்ஸில் ஒரு வயலில் கிடந்து, கடைசியில் அது பிறந்த ஸாலிஹல் ஊருக்குச் சில மைல் தூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அகப்பட்டது. இன்ன வண்டிதான் என்று நிச்சயிக்கப் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. 2018-ல் செய்தி வெளியாயிற்று.

நடு ஸ்டீயரிங் வண்டிக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆனால் படங்களைப் பார்த்தே அதன் பிரதியைப் புதிதாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம். அந்த அளவு தெரிந்தால், பக்கவாட்டில் எடுத்த படத்தில் அதையே அளவுகோலாக்கிக் கதவின் உயரம், கண்ணாடியின் அகலம் எல்லாவற்றையும் கணக்கிடலாம். முக்கோணக் கணக்கு எதற்கு ஸார் என்று கேட்கும் பையன்களுக்கு நாம் இதைக் காட்டியிருக்கிறோம்; சிலர் நம்பினார்கள். காமிராக்காரர் நின்ற பக்கத்தில் இருந்ததெல்லாம் இப்படி மீண்டு வந்துவிட்டது. மறுபக்கத்தில் இருந்ததற்கு ஊகந்தான் கதி.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் பாட்டனாரோ மாமாவோ ஒரு ஜீப்பின்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கக்கூடும். பிளவுகள் ஒன்பதா ஏழா என்று எண்ணிப் பாருங்கள். ஊரும் வருஷமும் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே, அவரைக் கேட்டுப் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதி வையுங்கள். மசியால் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும்.