அடிஷம்: மடமாகிய மாளிகை

அட்டன், நானுஓயா நிலையங்களைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் அப்புத்தளை சென்று இறங்குவோர், தங்கமலை வனத்தின் அருகே, கருங்கல்லால் எழுந்து நிற்கும் அடிஷம் பங்களாவைக் காணாமல் திரும்புவதில்லை. ஒரு பிரபுவின் சுகவாசத்துக்கென நிர்மாணிக்கப்பட்ட அம்மாளிகை, இன்று புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாக விளங்குகிறது.

அதனைக் கட்டுவித்தவர் சர் தாமஸ் வில்லியர்ஸ். பிரிட்டிஷ் பிரதமராயிருந்த ஜான் ரஸ்ஸல் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரரான அவர், 1887இல் தோட்டத் தொழில் பழகும் இளைஞராக இலங்கைக்கு வந்து, பின்னாளில் ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராக உயர்ந்தார். கொழும்பிலிருந்தபடியே தேயிலைத் தோட்டங்களின் வரவுசெலவையும் விற்பனையையும் நிர்வகித்த ஏஜென்சிக் கம்பெனிகளுள் அதுவும் ஒன்று. 1931இல் மாளிகை எழுந்தபோது, இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

கட்டடமும் அந்நாட்டு டியூடர் காலச் சம்பிரதாயத்தையே தழுவியது. செதுக்கிய கருங்கற்களை அடுக்கிய தடித்த சுவர்கள்; ஒடுங்கி உயர்ந்த ஜன்னல்கள்; கணப்பு அடுப்புகளின் புகையை வெளியேற்றும் நெடிய புகைபோக்கிகள்; பர்மாத் தேக்கின் சிறு பலகைகளை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து வேய்ந்த செங்குத்தான கூரை. கென்டின் பனிக்காலத்துக்கென வகுக்கப்பட்ட இம்முறை, 4,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் அப்புத்தளைக்கும் இயல்பாகவே பொருந்திவிட்டது.

எனினும், இவ்வழகில் மயங்கி நிற்கும் நாம், அதன் பின்னிருந்த செல்வத்தை ஈட்டித் தந்தவர்களை மறத்தல் தகாது. பெரிய பங்களாக்களில் கணப்பு எரிந்த அதே காலத்தில், தோட்டங்களில் கொழுந்து பறித்த நம் மலையக மக்கள், லயன் எனும் தொடர்வீட்டின் 10 அடிக்கு 12 அடியான காம்பராவில், குடும்பம் முழுவதும் ஒருங்கே ஒடுங்கிக் குளிரைக் கழித்தார்கள்.

கைமாறிய மாளிகை 1960களின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் துறவிகளிடம் வந்தது. ஜெபமும் உழைப்பும் என்பது அவர்களது சபையின் நெறி. அந்நெறிப்படி பழத்தோட்டம் பேணி, ஜாமும் பழரசமும் செய்து விற்கிறார்கள். வில்லியர்ஸின் நூலகத்தையும் கூடத்தையும் பழைய தளபாடங்களோடு காத்து, வார இறுதி நாள்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். துரைமாரின் வாசலில் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே கூடத்தில் நிமிர்ந்து நடந்து பார்க்கிறார்கள். அடிஷத்தைக் காத்த இந்த அக்கறை, இடிந்து மறையும் பழைய லயன்களுள் ஒன்றையேனும் சரித்திரச் சான்றாகக் காப்பதிலும் செல்லுமாயின், மலையகத்தின் வரலாறு அப்போதுதான் முழுமையாகும்.