எச்சரிக்கை ஒலித்தது, விமானிக்குக் கேட்டதா?

1972 டிசம்பர் 29 இரவு. நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம் மயாமியை நெருங்கியது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைச் சொல்லும் பச்சை விளக்கு எரியவில்லை. ஆட்டோபைலட்டை 2,000 அடி உயரத்தில் வைத்துவிட்டு, விமானிகள் அந்த விளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் முனைந்துவிட்டார்கள். விமானமோ அவர்கள் அறியாமலே மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உயரம் மாறுவதைச் சொல்லும் மணி காக்பிட்டில் ஒலித்தது. குரல் பதிவுக் கருவியில் அந்த ஒலி இருக்கிறது. ஆனால் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதில் இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. ஃபியூஸ் போனது பல்பு மட்டும்தான்.

மனம் முழுவதும் ஒரே வேலையில் மூழ்கிவிட்டால், காதில் விழும் ஒலிகூடப் புத்திக்கு எட்டாமல் போகும். அனுபவமும் திறமையும் உள்ளவர்களுக்கும் இது நேரும். ஆகவே ஒரு விமானிக்கு வேலை தெரிந்தால் மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்யும்போதே, எதிர்பாராத ஒன்றைக் கவனிக்க மூளையில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும்.

பயிற்சியில் இந்த மிச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சிமுலேட்டரில் இரண்டு மாணவர்கள் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி தரையிறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் போடுவார். ஆனால் ஒருவர் இயல்பாகச் செய்திருப்பார். இன்னொருவர் தம் முழுச் சக்தியையும் செலவழித்துச் சமாளித்திருப்பார். கூடவே ஒரு கோளாறு வந்தால் இரண்டாமவர் திணறிவிடுவார். பைக் ஓட்டப் பழகும் புதிதில் கிளட்சையும் கியரையும் தவிர வேறெதையும் யோசிக்க முடியாது. பழகிய பிறகு பின்னால் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறோம். அந்த வித்தியாசத்தை வெளியிலிருந்து பார்த்து அளப்பது கடினம். எவ்வளவு சிரமமாக இருந்தது என்று மாணவரையே கேட்டு மதிப்பிடும் கேள்வித்தாள்கள் உண்டு. நாசா உருவாக்கிய ஒன்று 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதை வேலை முடிந்த பிறகுதான் நிரப்புகிறார்கள். பயிற்சியாளர் முன்னால் 'நான் திணறிவிட்டேன்' என்று சொல்ல எல்லோருக்கும் மனம் வராது.

இந்த இடத்தில்தான் மூளையின் செயல்பாட்டை நேரடியாக அளப்பது உதவுகிறது. முக்கியமாக இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று இ.இ.ஜி. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்த மின்னலைகள்தான் இதன் அடிப்படை. தலைத்தோலில் வைக்கும் மின்முனைகள், வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு அளவே உள்ள மின்னழுத்த மாற்றத்தைப் பிடிக்கின்றன. வேலைச்சுமை ஏறும்போது, மண்டையின் பின்பக்கத்தில் நொடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் ஆல்ஃபா அலைகள் பொதுவாகக் குறைகின்றன. மற்றது அகச்சிவப்பு ஒளி முறை. நெற்றியில் கட்டிய பட்டையிலிருந்து மெல்லிய ஒளியைச் செலுத்தி, மூளையின் முன்பகுதியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எப்படி மாறுகிறது என்று இதில் பார்க்கிறார்கள்.

இ.இ.ஜி. முறையை சிமுலேட்டருக்கு வெளியே, பறக்கும் விமானத்திலேயே பிரான்ஸின் துலூஸ் நகரில் உள்ள இசே-சுபாயெரோ விமானவியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஃபிரெடெரிக் டெஹே குழுவினரின் இந்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஆறு மின்முனைகள் கொண்ட இ.இ.ஜி. கருவியை 22 விமானிகள் அணிந்துகொண்டு சிறிய விமானத்தில் ஏறினார்கள். ஒரு சுற்றில் பயிற்சியாளர் ஓட்ட, அவர்கள் கண்காணித்தார்கள். மற்றொரு சுற்றில் அவர்களே ஓட்டினார்கள். இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரியான ஒலிகளுக்கு நடுவே அவ்வப்போது வேறொரு ஒலி வந்தது. அப்படி ஒரு புது ஒலி கேட்டு நொடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆனதும் மூளையில் ஓர் அலை எழும். அதற்கு பி300 என்று பெயர். விமானிகள் தாமே ஓட்டியபோது அந்த அலையின் உயரம் குறைந்தது. காதில் அதே ஒலிதான் விழுந்தது; ஆனால் அதற்கு மூளை ஒதுக்கிய கவனம் குறைந்துவிட்டது.

பயிற்சியாளருக்கு இந்த அளவீடு கிடைத்தால் என்ன செய்யலாம்? அடுத்த பாடத்துக்கு ஒருவர் தயாரா என்பதைப் பறந்த மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரே பாடத்தைத் திரும்பச் செய்யும்போது சுமை இறங்குகிறதா என்று பார்க்கலாம். மாணவருக்கு வேலை மிக எளிதாக இருந்தால் சிமுலேட்டரில் பக்கக் காற்றையோ ஒரு கோளாறையோ சேர்க்கலாம். அளவுக்கு மீறித் திணறினால் குறைக்கலாம். பயிற்சி முடிந்து வீடியோவை ஓட்டிப் பார்க்கும்போது, எந்த நிமிடத்தில் மனம் நிரம்பி வழிந்தது என்று மாணவருக்கே காட்டலாம்.

கருவியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் எழும் மின்சாரம் மூளையின் அலையை மூழ்கடித்துவிடும். ஒருவரின் அலை இன்னொருவருடையதைப் போல் இருக்காது. துலூஸ் ஆய்விலும், எது சுமை அதிகமான சுற்று என்று அலைகளை வைத்துக் கணினி சரியாகச் சொன்னது சராசரியாகச் சுமார் 70 சதவீதம்தான். இந்த அளவுக்குத் தவறும் கருவியை வைத்து ஒருவருக்கு வேலை தருவதும் மறுப்பதும் பெரிய அநியாயம். மாணவர் அவருடைய நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்தப் பதிவு அவரிடமும் பயிற்சியாளரிடமும் மட்டும் இருக்கட்டும். தன் மூளை எந்த இடத்தில் நிரம்புகிறது என்று தரையிலேயே தெரிந்துகொண்ட விமானி, அந்த இடம் வருவதற்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கப் பழகிவிடுவார்.