ஜீப்பில் நெடும்பயணம்: தொடங்குவது எப்படி?

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், லண்டனிலிருந்து இரண்டு லேண்ட்ரோவர் வண்டிகள் புறப்பட்டன. அவற்றில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபின் ஐரோப்பா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்தார்கள். அசாமின் லீடோவில் தொடங்கும் பழைய போர்க்காலச் சாலை வழியாகப் பர்மாவுக்குள் நுழைந்து, தாய்லாந்து, மலேயா கடந்து 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தார்கள். அக்குழுவின் புகைப்படக்காரர் ஆன்டனி பாரிங்டன் பிரவுன். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. மாதிரியின் அருகே நிற்கும் புகழ்பெற்ற படத்தை 1953இல் எடுத்தவரும் இவரே. அந்தப் படத்தை நம் பாடநூல்களில் பார்த்திருக்கிறோம். எடுத்தவரின் கதையை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. சாலை முடிந்த பிறகும் தொடரும் பயணம் ஒன்றை நானும் மேற்கொள்ள வேண்டும் என்பதே அது. அந்த ஆசையோடு நான் செய்த முதற்காரியம் ஒரு பெருந்தவறு. அதைச் சொல்லிவிட்டுப் பிறகு விஞ்ஞானத்துக்கு வருகிறேன்.

ஆவூர் வாரியில் நடந்தது

எங்கள் ஊர் ஆவூர். 1747இல் கட்டப்பட்ட பெரியநாயகி மாதா ஆலயத்தால் பலரும் அறிந்த ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் போலவே எங்கள் பக்கமும் செம்மண் பாதைகளும் கண்மாய்களும் நிறைந்தது. கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாகத் தண்ணீர் வெளியேறி வாரியில் ஓடும். கோடையில் அந்த வாரி ஒரு வண்டிப்பாதை. ஐப்பசியில் அது ஓர் ஆறு.

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. அதில் ஆடு ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் அவர் பிழைப்பு. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை, ஒன்பது ஆடுகளோடு புறப்பட்டோம். ஓட்டியவன் நான். உரிமம் பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. வாரியில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. “இறங்கிப் பார்த்துட்டுப் போவோம் மாப்ளே” என்றார் மாமா. “நாலு சக்கரமும் இழுக்கும் மாமா” என்று சொல்லி வண்டியை இறக்கிவிட்டேன்.

பாதி வழியில் இடது முன்சக்கரம் வெள்ளம் அரித்த பள்ளத்தில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. பயத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். சக்கரம் சுழன்று இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டது. தண்ணீர் வண்டிக்குள் வந்தது. ஆடுகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தோம். ஒன்பதில் எட்டைத்தான் சேர்க்க முடிந்தது. ஓர் ஆடு என் கையிலிருந்து நழுவி வெள்ளத்தோடு போய்விட்டது. அதன் விலை, நான் ஒரு பருவத்துக்குக் கட்டும் தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம். மறுநாள் டிராக்டர் வைத்துத்தான் ஜீப்பை இழுத்தோம். கியர் பெட்டியைத் திறந்தபோது எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். பத்து நாள் வண்டி ஓடவில்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. “நாலு சக்கரம் இழுக்குதேன்னு இறங்கக் கூடாது மாப்ளே. நின்னு போச்சுன்னா எப்படி வெளிய வர்றதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் இறங்கணும்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, வண்டி ஏன் நின்றது என்று நான் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

நான்கு சக்கரமும் ஏன் இழுக்கவில்லை?

ஜீப் போன்ற வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவே ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பற்சக்கர அமைப்பு உள்ளது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு இடம்கொடுப்பது இதுதான். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்புவிசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுற்ற மிகச் சிறிய விசையே போதும். அப்போது உறுதியான தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் கிடைக்கும். ஒரு சக்கரம் சும்மா சுழல, மற்றது அசையாமல் நிற்பதன் காரணம் இதுவே.

ஜீப்பில் நாற்சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படும். பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரம் இழுக்கும். ஆனால் ஒவ்வோர் அச்சிலும் டிஃபரன்ஷியல் அப்படியேதான் இருக்கிறது. எனவே இடது முன்சக்கரம் பள்ளத்தில் தொங்கி, வண்டி சாய்வதால் வலது பின்சக்கரமும் பாரம் இழந்தால், குறுக்காக உள்ள அந்த இரண்டும் சுழலும். மற்ற இரண்டும் நின்றுவிடும். ஆவூர் வாரியில் நடந்தது சரியாக இதுதான். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி உள்ள வண்டிகளும் உண்டு. மாமாவின் ஜீப்பில் அது இல்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அச்சுகளைப் பிணைக்கும் இத்தகைய இயக்கத்தைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், பிணைப்பில் முறுக்கம் ஏறிப் பற்சக்கரங்கள் பழுதாகும்.

காற்றைக் குறைப்பதன் இரகசியம்

ஐந்தாம் வகுப்பு படித்தபோது, 2015இல், தனுஷ்கோடிக்குச் சுற்றுலா சென்றோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊருக்கு அப்போது சாலை கிடையாது. அரிச்சல்முனைவரை சாலை வந்தது 2017இல்தான். மணலில் ஓடும் வேன்களிலும் ஜீப்புகளிலும்தான் செல்ல வேண்டும். ஓட்டுநர் காய்ந்த மணலை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்து ஈரமணலைத் தேடித்தேடி ஓட்டினார். அன்று அது வேடிக்கையாக இருந்தது. இன்று காரணம் புரிகிறது. மணல் துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீர், பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. காய்ந்த மணலில் அந்தப் பிடிப்பு இல்லை.

காய்ந்த மணலில் ஓட்ட நேர்ந்தால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாரத்தோடு ஜீப்பின் எடை 1,600 கிலோ என்றால் ஒரு டயர்மீது 400 கிலோ. காற்று 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ இருந்தால், டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 190 சதுர சென்டிமீட்டர். 18 பவுண்டாகக் குறைத்தால் அது 315ஆக உயரும்.

“உராய்வு பரப்பளவைச் சார்ந்ததன்று என்று படித்தோமே, பரப்பு கூடினால் என்ன பயன்?” என்று நண்பர்கள் கேட்கலாம். அவ்விதி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் கெட்டியான பரப்புகளுக்கு ஏறக்குறையப் பொருந்தும். மணலில் சிக்கல் வேறு. அங்கே தரையே உடைந்து சக்கரம் புதைகிறது. தரைமீதுள்ள அழுத்தம் குறைந்தால் புதைவதும் குறையும். ஆனால் 15 பவுண்டுக்கும் கீழே போனால், திரும்பும்போது டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடலாம். தார்ச் சாலையில் ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்புவது கட்டாயம். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

இறக்கமும் வெள்ளமும்

ஜீப்பில் ‘லோ’ கியர் என்று ஒரு தனி நிலை உண்டு. அதில் வேகம் குறையும். சக்கரத்துக்குக் கிடைக்கும் திருப்புவிசை இரண்டு மடங்குக்கு மேலும் கூடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். 1,600 கிலோ வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 47 லட்சம் ஜூல். அந்த வெப்பம் 16 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இந்த வெப்பம் பெரும்பாலும் பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் பிடிப்பை இழந்துவிடும். லோ கியரில் இறங்கினால் வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி நம் முன்னோர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: ஆழம் தெரியாமல் காலை விடாதே. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அதற்கு எண் தருகிறது. வண்டியின் அடித்தளம் 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்று கொள்வோம். அடித்தளத்துக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், உள்ளே நீர் புகாதவரை, 420 கிலோ மேல்நோக்கித் தூக்கப்படும். அந்த அளவுக்குச் சக்கரங்கள் தரையை அழுத்துவது குறையும், பிடிப்பும் குறையும். ஓடும் நீர் பக்கவாட்டில் தள்ளும் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். எனவே முதலில் ஒருவர் கம்போடு நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத ஓட்டத்தில் வண்டி இறங்கக் கூடாது. நடுவில் இன்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்யவும் கூடாது. காற்றுக்குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், நீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

என்னென்ன வேண்டும்?

புது வண்டி வேண்டியதில்லை. 1947இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்து நம் நாட்டில் ஜீப் ஓடுகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர் சிற்றூரிலும் கிடைப்பார். நல்ல டயர், நல்ல பிரேக், எண்ணெய் ஒழுகாத இன்ஜின், சரியாக விழும் நாற்சக்கர லீவர், இவை போதும். உயர்த்துவது, அகலப்படுத்துவது போன்ற அலங்காரங்களில் இறங்கினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

வண்டியில் இருக்க வேண்டியவை: மண்வெட்டி, ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கி புதையாமல் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, காற்றளவு மானி, கால் பம்பு, உறுதியான இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். இழுக்கும்போது கயிற்றின் நடுவே ஒரு நனைந்த சாக்கைப் போட்டு வையுங்கள். அறுந்தால் கயிறு சாட்டைபோல் வீசாமல் அது தணிக்கும். அவ்வேளையில் கயிற்றருகே எவரும் நிற்கக் கூடாது. பாரமான பொருள்கள் கீழே இருக்கட்டும்; மேற்கூரையில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து வண்டி கவிழும்.

அனுமதியும் ஒரு கருவியே. காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்வது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் மாண்டதை மறக்கலாகாது. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம் செல்ல உள்நுழைவு அனுமதி தேவை. அயல்நாடு செல்வோருக்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும், பல நாடுகளில் ‘கார்னே’ என்னும் சுங்க உறுதிப் பத்திரமும் தேவை. வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவோம் என்பதற்கான உறுதி அது.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். முதலில் காய்ந்த செம்மண் பாதையில் ஒரு பகல். அடுத்து நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று ஓர் இரவு தங்கும் பயணம். அதன் பிறகு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். கண்மாய்க் கரைமீதும் விதைத்த வயலிலும் தொல்லியல் சின்னங்கள் அருகிலும் வண்டியை ஏற்ற வேண்டாம். அந்தக் கரை உடைந்தால் நமக்கு ஒரு நாள் பயணம் கெடும். ஊருக்கு ஓராண்டு விளைச்சல் போகும்.

அந்த இளைஞர்கள் ஆறு பேரும் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். வழி பார்ப்பவர், இயந்திரம் பார்ப்பவர், கணக்குப் பார்ப்பவர், படம் எடுப்பவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. புறப்படுமுன் அவர்கள் செய்த ஆயத்தமே அவர்களைச் சிங்கப்பூரில் சேர்த்தது. நானோ, ஆயத்தமின்றி வீட்டுக்குப் பக்கத்து வாரியைக்கூடக் கடக்கவில்லை.

இந்த ஐப்பசியிலும் அதே வாரிக்கு மாமாவும் நானும் வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டுக் கம்போடு இறங்கினேன். பத்தடி போவதற்குள் தண்ணீர் தொடைக்கு ஏறியது. திரும்பி வந்து, தார்ச் சாலை வழியே சுற்றிப் போகலாம் என்றேன். சந்தைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஆடுகள் எல்லாம் இருந்தன.