ஏர் அவிழ்க்கும் நேரம்

உழைப்பின் பெருமையைப் பேசாத உழவர் இல்லை. ஓய்வைப் பற்றிப் பேசினாலோ, அது சோம்பலுக்குத் துணைபோவதாகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறு என்பதற்கு நம் முன்னோரின் நடைமுறையே சான்று. விடியுமுன் ஏர் பூட்டியவர்கள், வெயில் ஏறியதும் ஏரை அவிழ்த்து, மாடுகளை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டினார்கள். மாடு ஓய்ந்தபோது உழவனும் ஓய்ந்தான். டிராக்டர் வந்தபின் உழவு எளிதாயிற்று. ஆனால் ஏர் அவிழ்க்கும் நேரம் மறைந்துபோயிற்று.

மாட்டுக்குச் சட்டமே ஓய்வு அளிக்கிறது. மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, வண்டி இழுக்கும் மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. இந்தப் பரிவை மனிதருக்கு நாம் காட்டுகிறோமா?

நாம் கண்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், குளம் ஆழப்படுத்தும் பணியைப் பார்வையிடச் சென்றோம். வெட்டிய மண்ணின் அளவு குறைந்திருக்கக் கண்டு, வேலையை விரைவுபடுத்துமாறு வற்புறுத்தினோம். நிழற்பந்தல் இருந்தது, அதில் அமர எவரும் துணியவில்லை. உட்கார்ந்தால் கூலி குறையும் என்ற அச்சமே காரணம். நண்பகலில், மண் சுமந்த அம்மையார் ஒருவர் மயங்கி வீழ்ந்தார். உடனே மருத்துவமனையில் சேர்த்ததால் உயிர் பிழைத்தார். அளவு நாடாவைப் பார்த்த நாம் வெயிலைப் பார்க்கவில்லை. அது நமது பிழையே.

மறுநாள் முதல் வேலை காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடிந்தது. இடையில் இருமுறை அனைவரும் ஒருங்கே பந்தலில் அமர்ந்தனர். எல்லோரும் சேர்ந்து அமர்ந்ததால், தனியே அமரும் கூச்சம் எவருக்கும் இல்லை. குளமும் குறித்த நாளில் முடிந்தது.

ஓய்வு ஏன் தேவை?

மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. உழைக்கும்போது தசைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை உலர்வதாலேயே உடல் குளிர்கிறது. வியர்வையால் இழந்த நீரை ஈடுசெய்யாவிடில் இரத்தத்தின் அளவு குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும். உயிருக்கே ஆபத்து நேரும். மத்திய அமெரிக்காவில், நிகரகுவா, எல் சால்வதோர் நாடுகளில், கரும்பு வெட்டும் தொழிலாளர் பலர் இளவயதிலேயே சிறுநீரக நோய்க்கு ஆளாயினர். கடும் வெயிலில் இடையறாது உழைத்தது இதற்கு முக்கிய காரணம் என அறிந்தபின், தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறையாக அளிக்கும் திட்டங்கள் அங்கே தொடங்கப்பட்டன.

செய்ய வேண்டுவன

1. கோடையில் கடின வேலையை விடியலில் தொடங்கி, முற்பகலிலேயே முடித்தல் வேண்டும்.
2. தாகம் எடுக்குமுன்பே, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துதல் நலம். உப்பிட்ட மோரும் நீராகாரமும் நல்லவை.
3. ஓய்வு நேரத்தை மணியடித்து அறிவித்து, அனைவரும் ஒன்றாக அமரச் செய்க. அதற்காகக் கூலி குறைக்கலாகாது.
4. வெயிலுக்குப் பழகாதவருக்கு முதல் ஒரு வாரம் இலகுவான வேலை தருக.
5. தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசெல்க. பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ, உடலை நனைத்து விசிறியவாறே 108 ஊர்தியை அழைக்க. மயங்கியவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனினும், இடர் வந்தபின் பெறும் உதவியினும் அது வாராமற் காப்பதே சிறப்பு. கத்திரி வெயில் தொடங்குமுன், மே 1-ஆம் நாள், உழைப்பாளர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. ஊராட்சி உறுப்பினர்கள் அன்று வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் ஊரறிய முடிவு செய்ய வேண்டுகிறோம். விவசாயப் பெருமக்களும் தத்தம் வயல்களில் அதனைக் கைக்கொள்வார்களாக. ஏர் அவிழ்க்கும் நேரம் ஊருக்குள் மீண்டும் வரட்டும்.