உரக்கப் படித்தால் போதுமா?

ஆங்கிலப் பாடவேளை என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஆசிரியை ஒரு பத்தியை வாசிப்பார். பிறகு ஒருத்தி எழுந்து வாசிப்பாள். நாக்குத் தடுமாறாமல் வாசித்து முடித்தால் "வெரி குட்" கிடைக்கும். அடுத்தவள் எழுவாள். ஒன்பது வகுப்புகளை நாங்கள் இப்படித்தான் கடந்து வந்தோம். ஆண்டு விழாவில் ஆங்கில வரவேற்புரை வாசிக்க எங்கள் வகுப்பில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

காலாண்டுத் தேர்வு அந்தப் பெருமையைக் கெடுத்தது. பாடநூலில் இல்லாத ஒரு பத்தி வந்தது. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைப் பற்றியது. அவர் ஏன் ஊர் திரும்ப மறுத்தார் என்பது கேள்வி. எங்களுள் பெரும்பாலோர் 'மறுத்தார்' என்ற சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினோம். காரணமோ மூன்று வரி தள்ளி, வேறு சொற்களில் இருந்தது!

விடைத்தாள் கொடுத்த அன்று ஆசிரியை எங்களைத் திட்டவில்லை. "உங்களை வாசிக்கச் சொன்னேனே தவிர, வாசிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை" என்றார். இருபது ஆண்டுகள் அனுபவமுள்ளவர் அப்படிச் சொன்னது எங்களுக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த மாதம் அவர் ஐந்து நாள் பயிற்சிக்குச் சென்று வந்தார். அவரிடம் கேட்டறிந்ததையும் நூல்களில் பார்த்ததையும் இங்கே தருகிறோம்.

நாம் வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய கால் வினாடி நிற்கிறது. புரியாவிட்டால் பின்னோக்கியும் வருகிறது. உரக்க வாசிப்பவளுக்கு இப்படித் திரும்பிப் பார்க்க நேரமேது? வகுப்பே கேட்டுக்கொண்டிருக்க, அவள் கவனமெல்லாம் அடுத்த சொல்லின் உச்சரிப்பில்தான் இருக்கும். பொருளைத் தேடி முன்னும் பின்னும் போக மௌன வாசிப்பே இடம் தருகிறது.

இது நேற்றுப் பிறந்த கருத்தல்ல. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது வாசிக்கும் திறனே என்று 1926-இல் எழுதினார். அரிய சொற்களை நீக்கி, புதுச் சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தி வாசிப்பு நூல்களை அமைத்தார்.

ஆனால் நல்ல நூல் இருந்தால் போதாது, கற்பிப்பவரும் கற்க வேண்டுமல்லவா? 1958-இல் ஹைதராபாத்திலும் 1963-இல் பெங்களூரிலும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கென நிறுவனங்கள் தோன்றின. அந்தக் காலத்தில் சென்னை மாநிலத்தில் 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க ஒரு பெருமுயற்சி நடந்தது. முதலில் சிலர் பயில்வார்கள்; அவர்கள் மற்றவர்களைப் பயிற்றுவிப்பார்கள். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர். பனியையே பார்த்திராத சென்னைக்கு இப்படியொரு பெயர்! பனிப்பந்து பெருக்கலாம், ஆனால் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வரும் செய்தி வழியில் தேய்ந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அது நடந்தது. இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போலக் கேள்வி கேட்பார்கள். முதலில் ஒரு கேள்வியை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆராயும். பிறகு அதைப் போன்ற இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியே செய்ய வேண்டும். மதிப்பெண் மொழியழகுக்கு அல்ல, விடை சரியா என்பதற்கே. வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையைச் சரியாக முடித்தால் அந்த வேலை தகுந்தது, இல்லையேல் கடினமானது. இது ஆசிரியருக்கும் ஓர் அளவுகோல்.

எங்கள் ஆசிரியை இதைச் செய்து பார்த்தார். ஓர் அட்டவணையைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, "மாலை ஐந்து மணிக்குள் திருச்சியில் இருக்க வேண்டியவள் எந்த வண்டியில் ஏற வேண்டும்? ஞாயிற்றுக்கிழமையானால்?" என்று கேட்டார். 'ஞாயிறு நீங்கலாக' என்ற சிறு குறிப்பைப் பலர் கவனிக்கவே இல்லை. வகுப்பு அமைதியாக இருப்பதைக் கண்டு தலைமைச் சகோதரி எட்டிப் பார்த்து, "ஆசிரியை வரவில்லையா?" என்று கேட்டுவிட்டார்!

அந்தக் குறிப்பை முதலில் கண்டவள் எங்கள் கடைசி பெஞ்சுத் தோழி. அவளுக்குச் சற்றுத் திக்குவாய். அவள் முறை வந்தால் நாங்கள் குனிந்து சிரிப்போம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு ஆங்கிலம் வராது என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தோம். இப்போது பத்தியைப் படித்து முடித்ததும் பலர் அவளிடம்தான் போய் நிற்கிறோம்.

அரையாண்டுத் தேர்வில் மீண்டும் ஒரு புதிய பத்தி வந்தது. எங்களுள் பாதிப் பேருக்கு மேல் பாதிக் கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதியிருந்தோம். பிரபுவின் அளவுகோல்படி அது பரவாயில்லை. ஆசிரியைக்குத்தான் இன்னும் திருப்தி இல்லை. வரும் கோடையில் மறுபடியும் பயிற்சிக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறார்.